அட்மின் கத்தி

கொய்யாக்கா வேண்டாமுங்க, நீங்க சாப்பிடுங்க. ஆனா அந்தக் கத்திய மடக்கி உள்ள வெச்சுக்குங்க. பஸ்ஸு குலுங்கற குலுக்கல்ல ஆரு மேலயாச்சும் பட்டுரும். தப்பா நினைச்சுக்காதீங்க. நானும் கத்தி ஆளுதான். ஊட்டுல கண்ணாடி அலமாரி செஞ்சு வரிசையா அடுக்கி வெச்சிருந்தவன். இப்ப அலமாரி மட்டும் இருக்குது. கத்தியெல்லாத்தையும் என்ர ஊட்டுக்காரி ஒரு சாக்குல கட்டி எங்கியோ கொண்டுபோயிக் குடுத்துட்டா. எங்கன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. கேக்கறதையும் உட்டுட்டேன்.

என்ர பேரு நல்லசிவமுங்க. ஈரோட்டுல பேனர் அடிக்கற கடை வெச்சிருக்கறேன். பேஸ்புக்குல ‘கத்திப் பிரியர்கள்’னு ஒரு குழு இருக்குது, பார்த்திருக்கீங்களா? இல்லியா? சரி உடுங்க. முப்பதாயிரம் பேருக்கு மேல இருந்தாங்க. துபாய், சிங்கப்பூர்னு எங்கெங்கியோ இருக்கற நம்மாளுங்க. அதுக்கு நான்தான் அட்மின். ஆரம்பிச்சதும் நான்தான். கத்தின்னதும் வெட்டு, குத்துன்னு நினைக்காதீங்க. காய் நறுக்கற கத்தி, கறி வெட்டற கத்தி, மடக்குக் கத்தி, எந்த இரும்பு நல்லது, எப்படிச் சாணை பிடிக்கறது, இதான் எங்க பேச்சு. நெம்பக் கட்டுப்பாடான குழு. ரூல் போட்டு நடத்துனேன். ரூல்னா ரூலுங்க, அதுல ஆரு எவருன்னு பார்க்க மாட்டேன். அந்தக் கட்டுப்பாடுதான் இன்னைக்கு என்னை இந்த நெலைமையில கொண்டாந்து உட்டுருக்குது.

இப்ப ராணிப்பேட்டையில இருந்துதான் வர்றனுங்க. அங்க ஹெப்சிபான்னு ஒரு அம்மா. நாப்பது வயசு இருக்கும். மெட்டலர்ஜி படிச்சவங்க. டூல்ஸ் செய்யற கம்பெனியில, இரும்பைச் சோதிச்சுப் பார்க்கற லேப்புல பொறுப்பான வேலை. எங்க குழுவுல கத்திக்கு ரிவ்யூ எழுதுவாங்க. பொம்பளைக்குக் கத்தியப் பத்தி என்ன தெரியும்னு மொதல்ல நாங்களும் சிரிச்சோம். உள்ளதைச் சொல்றதுக்கென்ன.

அப்ப நான் ஒரு டமாஸ்கஸ் கத்தி வாங்கியிருந்தேன். மேல அலை அலையா கோடு ஓடும், இரும்பை மடிச்சு மடிச்சு அடிச்சுச் செய்யறது. போட்டோ போட்டதும் ஆயிரம் பேரு ஆஹா ஓஹோன்னு எழுதுனாங்க. இந்த அம்மா மட்டும், “அண்ணா, கைப்பிடிகிட்ட ஒரு ஓரத்துல நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுப் பாருங்க. கோடு ஒரேயடியாப் போயிருச்சுன்னா அது மேல ஆசிட்ல வரைஞ்சது. உண்மையான டமாஸ்கஸ்னா தேய்ச்ச இடத்துல ஆசிட் வெச்சாக் கோடு திரும்ப வரும்”னு எழுதுனாங்க. ஆருக்கும் தெரியாமத் தேய்ச்சேன். கோடு போச்சு. ஆசிட் வெச்சும் திரும்ப வரவேயில்லை.

அன்னையில இருந்து எனக்கு அவங்க மேல தனி மரியாதைங்க. ‘குழுவின் ஆசான்’னு நான்தான் பட்டம் குடுத்தேன். அவங்க ரிவ்யூன்னா எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க? கத்திய அவங்களே கடையில வாங்குவாங்க. ஓசியில அனுப்பி வெச்சாத் தொட மாட்டாங்க. மாசக்கணக்குல ஊட்டுல பொழங்குவாங்க. அட்டை வெட்டி, கயிறு வெட்டி, மூங்கில் வெட்டி, லென்ஸ் வெச்சுக் கத்தியோட கூர் வாயைப் பார்த்து, அப்புறந்தான் எழுதுவாங்க. ஒருத்தரு எங்கம்மாவுக்குக் கை நடுக்கம், எந்தக் கத்தி வாங்கலாம்னு கேட்டாரு. நாங்க ஆளுக்கொரு கம்பெனி பேரைச் சொன்னோம். இந்த அம்மா, “அவங்க நின்னு நறுக்குவாங்களா, உக்காந்து நறுக்குவாங்களா? எந்தக் கை?”ன்னு கேட்டாங்க. அப்படி ஒரு ஆளு. அவங்க ஒரு கத்திய நல்லாருக்குதுன்னு எழுதுனா கடையில சரக்குத் தீந்துரும். நல்லால்லைன்னு எழுதுனா அவ்வளவுதான்.

எல்லாம் நல்லாத்தான் போச்சுங்க. கிருபாகரன்னு ஒருத்தன் வந்து சேர்றவரைக்கும்.

திருப்பூர் பக்கத்துல பட்டறை. ‘வேங்கை’ன்னு பேரு போட்டுக் கத்தி செஞ்சு விப்பான். வாய் நிறைய அண்ணா, அண்ணான்னு கூப்புடுவான். எங்க குழு மொத மொதலா ஈரோட்டுல மண்டபம் புடிச்சு எல்லாரும் நேர்ல கூடறதா ஏற்பாடு. சாப்பாடு, மேடை எல்லாச் செலவும் என்னுதுன்னான். அதுமட்டுமா? ‘அண்ணா, உங்க பேருல ஒரு கத்தி கொண்டாறேன். அட்மின் கத்தி’ன்னான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொன்னேன். கேக்கலை.

கொண்டாந்து குடுத்தான் பாருங்க! நல்ல கனமான கறிக்கத்தி. ஈட்டி மரத்துல பிடி. தகடு மேல ‘நல்லசிவம்’னு என்ர பேரு, கீழ ஒரு வேங்கைப்புலி. அதே மாதிரி செஞ்சு கடைக்கும் உட்டுட்டான். எங்கப்பா சாகறவரைக்கும் என்னை ஒண்ணுக்கும் ஆகாதவன்னு சொன்னவருங்க. அவரு இருந்து இதைப் பார்க்கலியேன்னு இருந்துச்சு.

கூட்டத்துக்கு முந்துன வாரம், அந்த அம்மா ஒரு ரிவ்யூ போட்டாங்க. அட்மின் கத்தியப் பத்தி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. நேராப் போட்டுட்டாங்க.

கத்தியோட தகடு பிடிக்குள்ளாற நீண்டு போகுமில்லீங்களா, அதை வால்னு சொல்லுவோம். நல்ல கத்தியில வால் பிடியோட கடைசி வரைக்கும் போகும். வெளிய இருந்து பார்த்தாத் தெரியாது. இந்த அம்மா என்ன பண்ணியிருக்காங்க, அந்த ஈட்டி மரப் பிடியை ரம்பம் போட்டு ரெண்டாப் பொளந்துட்டாங்க. பொளந்து போட்டோ எடுத்துப் போட்டு, அதுக்குக் கீழ எழுதியிருக்காங்க: ‘வால் ரெண்டு விரல் நீளந்தான் இருக்கிறது. மீதிக்கு ஒரு மெல்லிய கம்பியை வெல்டு செய்து ஒட்டியிருக்கிறார்கள். வெல்டு செய்த இடத்தில் இப்போதே விரிசல். காய் நறுக்கினால் தெரியாது. ஓங்கி எலும்பு வெட்டினால் ஒருநாள் தகடு கழன்று பறக்கும். யார் எதிரில் இருக்கிறார்களோ அவர்கள் பாடு. வாங்கியவர்கள் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.’

இதை எப்படிங்க எழுதலாம்? கூட்டத்துக்கு முந்துன வாரம்! என்ர பேரு அதுல இருக்குது!

போன் பண்ணுனேன். நெம்பத் தன்மையாத்தான் பேசுனேன்.

“ஏம்மா, ஒரு கத்தியப் பொளந்து பார்த்துட்டு எல்லாக் கத்தியும் அப்படித்தான்னு எழுதலாமா?”

“ரெண்டு வாங்கினேன் அண்ணா. ரெண்டும் அப்படித்தான்.”

“கூட்டம் முடியட்டும்மா. அப்புறம் போடுங்க. நானே கிருபாகிட்டச் சொல்லிச் சரி பண்ணச் சொல்றேன்.”

“அதுவரைக்கும் வாங்கறவங்க?”

“அப்படி என்ன ஆயிரப் போகுது? உங்க அபிப்பிராயத்தைக் கொஞ்சம் நாள் கழிச்சுச் சொல்லலாமில்ல?”

“இது அபிப்பிராயம் இல்லைண்ணா. விரிசல். உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குமே, பிடியைக் கழட்டிப் பாருங்களேன்.”

என்ர பேரு போட்ட கத்திய நானே பொளக்கணுமாம். கேட்டீங்களா? போனை வெச்சுட்டேன்.

ரிவ்யூவத் தூக்குனேன். வியாபாரம் பண்றவங்க மனசு நோகற மாதிரி எழுதக்கூடாதுன்னு எங்க குழுவுல ரூல் இருக்குதுங்க. அந்த ரூலை அன்னைக்குத்தான் சேர்த்தேன், அது வேற விஷயம். ரூல் ரூலுதானே? அவங்களை ஒரு மாசத்துக்கு எழுத முடியாம நிறுத்தி வெச்சேன். ஆசான்னு பட்டம் குடுத்தவனே நிறுத்துறேன்னா எனக்கு மட்டும் வருத்தம் இருக்காதுங்களா? அதை ஒருத்தரும் யோசிக்கலை.

அதுக்குள்ள நம்ம பசங்க எறங்கிட்டாங்க. கிருபாவோட ஆளுங்களும் இருந்திருப்பாங்க. ‘அடுப்படிக்குப் போம்மா’, ‘புருசனை உட்டுட்டுக் கத்தியோட குடும்பம் நடத்துது’, இன்னும் வாயில சொல்ல முடியாதது. அவங்க போட்டோவை எடுத்து என்னென்னமோ பண்ணிப் போட்டாங்க. நான் ஒரு வார்த்தை எழுதலீங்க. சத்தியமா. ஒரே ஒரு இடத்துல சிரிக்கற பொம்மை போட்டேன். அதுவும் கை பட்டுருச்சு. அதையும் எவனோ போட்டோ புடிச்சு வெச்சிருக்கறான்.

ஒரு நாள் பார்த்தா ஆளையே காணோம். கணக்கையே மூடிட்டுப் போயிட்டாங்க. அப்படிப் போனா அவங்க எழுதுனது அத்தனையும் கூடவே போயிருமாமா. வருசக்கணக்குல எழுதுனதுங்க. எந்தக் கத்திக்கு எந்தக் கல்லு, எந்தக் கம்பெனி ஏமாத்துது, எதைத் தொடக்கூடாதுன்னு ஒண்ணு விடாம எழுதியிருந்தாங்க. அது அவங்க சொத்தா? குழுவோட சொத்தில்லையா? எனக்கு இன்னைக்கும் அந்த வெசனம் உண்டு.

கூட்டம் நல்லா நடந்துதுங்க. எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. பிரியாணி. அட்மின் கத்திய மேடையிலயே வாங்கிட்டுப் போனாங்க ஜனங்க.

அதுக்கப்புறம் குழு என்னமோ மாதிரி ஆயிருச்சு. ரிவ்யூ வரும், வராம இல்லை. கம்பெனிக்காரன் ஓசியில அனுப்புன கத்திய டப்பாவோட போட்டோ எடுத்து ‘வெறித்தனம்’, ‘தரமான சம்பவம்’னு போடுவானுங்க. படிச்சா என்ன கத்தின்னே தெரியாது. ஆரோ வந்து தேங்கா உடைக்க எது வாங்கலாம்னு கேப்பாங்க. பத்துப் பேரு பத்துக் கடையோட லிங்க்கப் போடுவானுங்க.

அப்பத்தான் செல்வகணபதி வந்து கேட்டாரு. காங்கேயம் பக்கம், கல்யாண விசேஷத்துக்குச் சமைக்கறவரு. கூட்டத்துல எங்கூட நின்னு போட்டோவெல்லாம் எடுத்துக்கிட்டாரு. குழுவுல எழுதியிருந்தாரு: ‘அட்மின் அண்ணா, இந்தக் கத்தியப் பத்தி ஹெப்சி மேடம் ஏதோ எழுதினாங்களாமே, தேடினாக் கிடைக்கலை. எலும்பு வெட்டலாமா?’

ஒருத்தரு நம்பிக் கேக்கறாரு. என்ன சொல்லுவீங்க? ‘தாராளமா வெட்டுங்க. என் பேர் போட்ட கத்தி’ன்னு எழுதுனேன். ஒரு நம்பிக்கையில சொல்றதுதானுங்களே. நான் என்ன பட்டறைக்காரனா? நானா வெல்டு வெச்சேன்?

ஒரு காதுகுத்து விசேஷம். மண்டபத்துப் பின்னால அடுப்புக்கூட்டி வேலை நடந்துட்டு இருந்திருக்குது. இவரு மரக்கட்டையில வெச்சு ஆட்டெலும்பு வெட்டிட்டு இருந்திருக்காரு. எதுத்தாப்புல அவரு சம்சாரம் முறத்தை மடியில வெச்சுச் சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருந்திருக்குது. ஏதோ பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்களாமா. ஓங்குன கைய எறக்கறாரு, கையில பிடி மட்டும் இருக்குது. தகட்டைக் காணோம்.

கழுத்துல பட்டிருச்சுங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கலை.

அந்த மனுசன் பிடியை உடவே இல்லியாமா. சவத்தைக் கொண்டாந்து எறக்குற வரைக்கும் கையில வெச்சுக்கிட்டே நின்னாராமா. போலீசுதான் விரலைப் பிரிச்சு வாங்கியிருக்குது.

நான் சாவுக்குப் போகலீங்க. போயி என்னத்தைச் சொல்றது? கண்ணீர் அஞ்சலி பேனர் நானே அடிச்சுத் தர்றேன்னு ஆளு உட்டுச் சொன்னேன். நல்ல கலர்ல, பெரிய சைசுல. வேண்டாம்னுட்டாங்க. சரி, துக்கத்துல இருக்கறவங்க.

ஆனா என்ர கதையக் கேளுங்க. பேப்பர்ல போட்டோ வருது. என்ன போட்டோ? அந்தத் தகடு. ரத்தத்தோட. அதுல கொட்டை எழுத்துல ‘நல்லசிவம்’. செத்தது அவங்க ஊட்டு ஆளு, செஞ்சது கிருபா, பேரு மட்டும் என்ர பேரு! கடைக்கு வந்தவங்க நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போனாங்க. காலேஜ் போற மக ஒரு வாரம் வெளிய வரலை. ஊட்டுக்காரி அன்னைக்குத்தான் சாக்கை எடுத்தா. ஸ்டேசன்ல கூப்புட்டு விசாரிச்சாங்க. கிருபாவோட போன் அணைஞ்சு போச்சு, பட்டறைக்குப் பூட்டு. கேஸு நடக்குது.

குழுவுல கேக்கவே வேண்டாம். கூட நின்னு அந்த அம்மாவத் திட்டுன அதே ஆளுங்க, ‘மேடம் அப்பவே சொன்னாங்க, அட்மின் அழிச்சுட்டான்’னு என்னைக் கிழிக்கறானுங்க. செல்வகணபதிக்கு நான் எழுதுன பதிலை எடுத்து எடுத்துப் போடறானுங்க.

அதுக்குத்தான் ராணிப்பேட்டைக்குப் போனேன். விலாசத்தைத் தேடிப் புடிச்சு, சென்னிமலை பெட்ஷீட் ஒரு ஜோடி வாங்கிக்கிட்டுப் போனேன். பெருசா ஒண்ணும் கேக்கலீங்க. குழுவுக்குத் திரும்ப வரணும். வந்து ரெண்டே வரி, அட்மின் ரூல்படிதான் நடந்துக்கிட்டாரு, அவரு மேல எனக்கு வருத்தமில்லைன்னு எழுதணும். அவங்க சொன்னா ஜனங்க கேக்கும். அவங்க வார்த்தைக்கு அப்படி மதிப்பு. அந்த மதிப்பு எங்க குழுவுல சம்பாதிச்சதுதானே?

கதவைத் தொறந்தாங்க. போட்டோவுல பார்த்ததுக்குப் பாதியா இருந்தாங்க. உள்ள வரச் சொன்னாங்க, தண்ணி குடுத்தாங்க. பெட்ஷீட்டை வாங்கிக்கலை, நாற்காலியில வெச்சேன். நான் சொன்னதையெல்லாம் குறுக்க பேசாமக் கேட்டாங்க. கேட்டு முடிச்சுட்டு எந்திரிச்சுப் போயி, அந்தப் பொளந்த பிடியைக் கொண்டாந்து என்ர முன்னால வெச்சாங்க.

“தொட்டுப் பாருங்க சார்”ன்னாங்க.

அண்ணான்னு கூப்பிட்டவங்க. சாருன்னாங்க.

நான் தொடலீங்க. தூரத்துல இருந்தே பார்த்தேன். ஒரு மயிரிழை மாதிரி கோடு. இவ்வளவுதானான்னு இருந்துச்சு எனக்கு.

“செத்துப்போனவங்க பேரு என்ன சார்?”

“செல்வகணபதி சம்சாரமுங்க.”

“அவங்க பேரு?”

எனக்கெப்படிங்க தெரியும்? நான் என்ன அவங்க ஊட்டுச் சொந்தமா, ஒறம்பரையா? இத்தனை தூரம் பஸ் ஏறிப் போனவனைப் பார்த்துக் கேக்கற கேள்வியாங்க அது? நான் தண்ணி டம்ளரை எடுத்தேன். அவங்களே சொன்னாங்க. ஏதோ மணின்னு முடியற பேரு. இவங்க அங்க போயிட்டு வந்திருக்காங்களாமா. ராணிப்பேட்டையில இருந்து காங்கேயத்துக்கு! அந்த மனுசன் அடுப்புகிட்டயே போறதில்லையாம். பொண்ணு ஒண்ணு ஸ்கூல்ல படிக்குதாம், அதான் சோறாக்குதாம். காய் நறுக்கக் கத்தியத் தொட மாட்டேங்குதாம், எல்லாத்தையும் கையிலயே பிச்சுப் போடுதாம்.

அப்புறம் சொன்னாங்க: “தப்பு என்னுது சார். எனக்குத் தெரிஞ்சிருந்துது. அசிங்கமாப் பேசினாங்கன்னு ரோஷப்பட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். நான் இன்னொரு எடத்துல எழுதியிருக்கணும். போலீசுக்குப் போயிருக்கணும். அந்தக் கத்திய வாங்கின ஒவ்வொருத்தரையும் தேடிச் சொல்லியிருக்கணும். தூங்கவே முடியலை சார்.” சொல்லிட்டு அழுதாங்க. மூஞ்சியை மூடாம, அப்படியே என்னைப் பார்த்துக்கிட்டே அழுதாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

பஸ்ஸுல உக்காந்தப்பறந்தான் எனக்கு உறைச்சுது. கவனிச்சீங்களா நீங்க? தப்பு என்னுதுன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க! நான் கேக்கவேயில்லை, அவங்களாவே சொன்னாங்க. இதுக்கு மேல என்னங்க வேணும்? போன்ல பதிவு பண்ணியிருக்கணும், தோணாமப் போச்சு. பரவால்ல, உங்ககிட்டச் சொல்லியிருக்கறேன், நாளைக்கு ஆராச்சும் கேட்டா நீங்க ஒரு சாட்சி.

சேலம் வர்றதுக்குள்ள குழுவுல எழுதிப் போட்டுரலாம்னு பார்க்கறேன். மரியாதையாத்தான் எழுதுவேன். மொதல்ல செத்துப்போன அம்மாவுக்கு ஒரு அஞ்சலி, அப்புறம் விசயத்துக்கு வரலாம். என்ன பேருன்னாங்க அவங்க... சாந்தாமணியா, ரத்தினமணியா? இப்பத்தான் காலையில சொன்னாங்க. உடுங்க, செல்வகணபதி சம்சாரம்னே போட்டுக்கலாம். படிக்கறவங்களுக்குப் புரிஞ்சாச் சரி. இந்த எழுத்து நெம்பப் பொடிசா இருக்குது, கொஞ்சம் இந்தப் போனைப் புடிங்க, நான் சொல்லச் சொல்ல நீங்க அடிக்கறீங்களா?